இரண்டு ரூபிளும் ஐந்து ரூபிளும்: ஸ்லாவிய மொழிகளில் பாலையும் எண்ணையும் படிக்கத் தொடங்குவோருக்கு

ரஷ்ய மொழி படிக்கத் தொடங்கியபோது நான் செய்த முதல் தவறு, எண்களை வாய்ப்பாடு போல உருப்போட்டது. ஒன்று முதல் நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிப்பேன். ஆனால் கடையில் போய் நின்று "இருபத்திரண்டு கோபெக்" என்று சொல்ல வாய் வராது. எண் தெரியும், கோபெக் (ரூபிளில் நூறில் ஒரு பங்கு) என்ற சொல்லும் தெரியும். இரண்டையும் சேர்த்தால் இரண்டுமே உரு மாறுகின்றன. அங்கேதான் மாட்டிக்கொண்டேன்.

மருத்துவம் படிக்க ரஷ்யா போகிற நம் ஊர்ப் பிள்ளைகள் பலரும் இதே இடத்தில்தான் சிக்குகிறார்கள். அவர்களுக்கும், சும்மா ஆர்வத்தில் ஸ்லாவிய மொழி ஒன்றை எடுத்துக்கொண்டவர்களுக்கும், நான் எந்த வரிசையில் படித்திருந்தால் பிழைத்திருப்பேனோ அந்த வரிசையில் எழுதுகிறேன். முக்கால்வாசி ரஷ்ய மொழிதான். அது பிடிபட்டால் போலிஷ், செக், உக்ரைன் மொழிகளில் என்ன மாறுகிறது என்பதைச் சுலபமாகப் பார்த்துவிடலாம்.

ஒரு சின்ன எச்சரிக்கை. தமிழ் எழுத்தில் த, ப, க இவற்றின் வல்லொலியும் மெல்லொலியும் ஒன்றாகவே தெரியும். அதனால் கீழே உள்ள உச்சரிப்பைத் தோராயமாக எடுத்துக்கொண்டு, ஒலிப்பதிவு ஒன்றைக் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

முதல் படி: சொல்லின் வாலைப் பாருங்கள்

தமிழில் பால் என்பது பொருளைப் பார்த்து வருவது. அவன் மனிதன், அவள் பெண், மேசையும் நாயும் 'அது'. ரஷ்ய மொழியில் மேசை ஆண்பால், புத்தகம் பெண்பால், சன்னல் அலிப்பால் (இரண்டும் அல்லாத மூன்றாவது பால்). மேசைக்கு என்ன மீசையா முளைத்திருக்கிறது என்று கேட்காதீர்கள். இங்கே பொருளுக்கு வேலை இல்லை. சொல் எப்படி முடிகிறது என்பதே கணக்கு.

மெய்யில் முடிந்தால் ஆண்பால்: ஸ்தோல் (மேசை). 'ஆ' அல்லது 'யா' என்று முடிந்தால் பெண்பால்: க்னீகா (புத்தகம்). 'ஓ' அல்லது 'ஏ' என்று முடிந்தால் அலிப்பால்: அக்னோ (சன்னல்). பெரும்பாலான சொற்கள் இந்த மூன்று பைகளுக்குள் விழுந்துவிடும்.

விழாதவைதான் தொல்லை. மென்மைக்குறியில் (தனி ஒலி இல்லாமல், முன்னால் உள்ள மெய்யை மென்மையாக்கும் எழுத்து) முடியும் சொற்கள் இரு பக்கமும் போகும். த்யேன் (பகல்) ஆண்பால், நோச் (இரவு) பெண்பால். பார்த்துச் சொல்ல வழியே இல்லை. ஆனாலும் கொஞ்சம் துப்பு உண்டு. மாதப் பெயர்கள் எல்லாமே ஆண்பால். 'ஓஸ்த்' என்று முடியும் பண்புப்பெயர்கள் பெண்பால். 'தெல்' என்று முடியும், தொழில் செய்பவரைக் குறிக்கும் பெயர்கள், உதாரணமாக உச்சீதெல் (ஆசிரியர்), ஆண்பால். வ்ரேம்யா (நேரம்), ஈம்யா (பெயர்) போன்ற 'ம்யா' கூட்டம் பெண்பால் போலத் தெரிந்தாலும் அலிப்பால். நல்லவேளை, அவை பத்துச் சொற்கள்தான். பாபா (அப்பா), த்யாத்யா (மாமா, சித்தப்பா) இரண்டும் 'ஆ'வில் முடிந்தாலும் ஆண்பால். அப்பாவை யாரும் பெண்பாலாக்க முடியாதல்லவா. பொருள் ஜெயிக்கும் அபூர்வமான இடங்களில் இது ஒன்று.

காதை மட்டும் நம்பிப் படித்தால் இன்னொரு வம்பு. ரஷ்ய மொழியில் அழுத்தம் விழாத 'ஓ' கிட்டத்தட்ட 'ஆ' போல ஒலிக்கும். இறைச்சிக்கான சொல் காதில் 'ம்யாசா' என்று விழுகிறது. எழுத்தில் அது 'ஓ'வில் முடிகிறது, அலிப்பால். ஆகவே பாலைக் கண்டுபிடிக்க எழுத்தைப் பாருங்கள்.

காபிக்கு மட்டும் தனிக்கதை. கோஃபே 'ஏ'யில் முடிந்தாலும் மரபுப்படி ஆண்பால். பேச்சில் பலர் அதை அலிப்பாலாக்கிவிடுவார்கள். 2009இல் அரசு ஏற்றுக்கொண்ட அகராதி ஒன்று பேச்சுவழக்கில் அலிப்பாலும் சரிதான் என்று சொல்ல, நாடே சண்டை பிடித்தது. நீங்கள் ஆண்பாலாகவே வைத்துக்கொள்ளுங்கள், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இரண்டாம் படி: பெயரை 'ஒன்று' சேர்த்தே மனப்பாடம் செய்யுங்கள்

சொற்பட்டியல் எழுதும்போது வெறும் 'ஸ்தோல்' என்று எழுதாதீர்கள். அதீன் ஸ்தோல், அத்னா க்னீகா, அத்னோ அக்னோ என்று எழுதுங்கள். 'ஒன்று' என்ற எண்ணுக்கே மூன்று பால் வடிவம் இருக்கிறது. பாலும் எண்ணும் ஒரே மூச்சில் நாக்கில் ஏறிவிடும்.

இது நமக்கு அந்நியமான விஷயமே இல்லை. ஒருவன், ஒருத்தி, ஒன்று என்று நாமும் சொல்கிறோம். நாம் அதை மனிதருக்கு மட்டும் பிரிக்கிறோம், ரஷ்யர்கள் நாற்காலிக்கும் கரண்டிக்கும் பிரிக்கிறார்கள். அவ்வளவே வித்தியாசம்.

'அத்னீ' என்று பன்மை வடிவமும் உண்டு. ஒன்றுக்கு எதற்குப் பன்மை? கத்தரிக்கோல், கைக்கடிகாரம், பனிச்சறுக்கு வண்டி மாதிரி எப்போதும் பன்மையிலேயே இருக்கும் சொற்களுக்கு. ஒரு கத்தரிக்கோல் என்றால் 'அத்னீ நோஜ்னித்சி'.

மூன்றாம் படி: இரண்டு, மூன்று, நான்கு

இரண்டுக்கு இரண்டு வடிவம். ஆண்பாலுக்கும் அலிப்பாலுக்கும் த்வா, பெண்பாலுக்கு த்வே. சம்ஸ்கிருதம் கொஞ்சம் தெரிந்தவர்கள் அங்கேயும் பெண்பாலுக்கு 'த்வே' என்று வருவதை நினைத்துச் சிரிப்பார்கள். இரண்டு மொழிக்கும் கொள்ளுப்பாட்டி ஒருத்திதான். மூன்றுக்கும் நான்குக்கும் பால் கிடையாது: த்ரீ, செத்தீரி.

பெயர்ச்சொல்லுக்கு என்ன ஆகிறது என்பதுதான் விசித்திரம். இரண்டு, மூன்று, நான்குக்குப் பின்னால் பெயர்ச்சொல் ஆறாம் வேற்றுமை ஒருமையில் வரும். 'இரண்டு மேசைகள்' என்று சொல்லாமல் 'இரண்டு மேசையின்' என்று சொல்வது போல: த்வா ஸ்தலா, த்வே க்னீகி, த்வா அக்னா. பன்மையில்லை என்பதற்குச் சன்னலே சாட்சி. பல சன்னல்கள் என்றால் அழுத்தம் முதலில் விழுந்து 'ஓக்னா' ஆகும். இரண்டு சன்னல் என்னும்போது அழுத்தம் கடைசிக்குப் போய் 'அக்னா' ஆகும்.

ஏன் இப்படி? பழைய ஸ்லாவிய மொழியில் ஒருமை, பன்மை தவிர இருமை என்று ஒன்று இருந்தது. சம்ஸ்கிருதத்தின் த்விவசனம் போல. ரஷ்ய மொழியில் இருமை செத்துப்போனது. ஆனால் 'இரண்டு' என்ற எண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்த அதன் வடிவம், ஆண்பால் சொற்கள் பலவற்றில் ஆறாம் வேற்றுமை ஒருமையைப் போலவே இருந்தது. காலப்போக்கில் மக்கள் அதை ஆறாம் வேற்றுமை என்றே எடுத்துக்கொண்டார்கள், மூன்றுக்கும் நான்குக்கும் கூட நீட்டிவிட்டார்கள். அதாவது, உங்களைப் படுத்துகிற இந்த விதி செத்துப்போன இருமையின் ஆவி. கண்களுக்கு ரஷ்ய மொழியில் 'க்லஸா' என்பதும் அதே இருமையின் மிச்சம்.

நான்காம் படி: ஐந்துக்கு மேல்

ஐந்து முதல் இருபது வரை எண்ணுக்குப் பால் இல்லை. பெயர் ஆறாம் வேற்றுமை பன்மைக்குப் போகும், 'ஐந்து மேசைகளின்' என்பது போல: ப்யாத் ஸ்தலோஃப், ப்யாத் க்னீக், ப்யாத் ஓகன்.

இதற்கும் காரணம் உண்டு, இதைத் தெரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும். ஒன்று முதல் நான்கு வரை முன்பு பெயரடைகளைப் போல நடந்துகொண்டன. 'நல்ல மேசை', 'பெரிய மேசை' போல 'மூன்று மேசை'. ஐந்திலிருந்து பத்துவரை பெயர்ச்சொற்களாக இருந்தன. 'ஐந்து' என்பது ஒரு தொகுப்பு. சந்தையில் 'ஒரு கட்டுக் கீரை', 'ஒரு கூறு வெங்காயம்' என்று வாங்குகிறோமே, அதுபோல 'மேசைகளின் ஓர் ஐந்து'. கட்டும் கூறும் பெயர்கள், கீரை அதைச் சேர்ந்தது. அவ்வளவுதான் தத்துவம். 'ஐந்து பேர் வந்தார்கள்' என்னும்போது ரஷ்யர்கள் பல நேரம் வினையை அலிப்பால் ஒருமையில் வைப்பதும் இதனால்தான். அவர்கள் காதில் வந்தது ஓர் ஐந்து.

பதினொன்று முதல் பத்தொன்பது வரையிலான சொற்களைப் பிரித்துப் பார்த்தால் சுவையாக இருக்கும். அதீன்னத்சத் என்றால் 'பத்தின்மேல் ஒன்று'. நம் பதினொன்றும் பத்தும் ஒன்றும் சேர்ந்ததுதானே. வாலில் பத்து இருப்பதால் இவை எல்லாமே பத்தின் குடும்பம் என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். பெயர் ஆறாம் வேற்றுமை பன்மையில் வரும். பன்னிரண்டில் 'இரண்டு' கேட்கிறதே என்று த்வா விதிக்குப் போய்விடாதீர்கள்.

இருபத்தொன்று ஆனவுடன் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. கடைசி எண்தான் எஜமான். த்வாத்சத் அதீன் ஸ்தோல்: இருபத்தொரு மேசைக்குப் பெயர்ச்சொல் ஒருமையில்! நூற்றொன்றுக்கும் அப்படித்தான். நூற்றுப் பதினொன்றுக்கு மட்டும் பதினொன்றின் விதி.

ஐந்தாம் படி: பயிற்சியைக் கல்லாப்பெட்டியில் செய்யுங்கள்

ரஷ்யப் பணமே ஒரு பாடப்புத்தகம். ரூபிள் ஆண்பால், கோபெக் பெண்பால். விலை சொல்லும்போது இரண்டு பாலும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடும்.

அதீன் ரூபிள், த்வா ரூப்லியா, ப்யாத் ரூப்லேய்.
அத்னா கபேய்கா, த்வே கபேய்கி, ப்யாத் கபேயெக்.

இப்போது இருபத்திரண்டு ரூபிள் இருபத்திரண்டு கோபெக்: த்வாத்சத் த்வா ரூப்லியா, த்வாத்சத் த்வே கபேய்கி. இந்த ஒரு வரியை ஒரு வாரம் சொல்லிக்கொண்டே இருங்கள். அன்றைக்கு எனக்கு வாய் வராத வரி இதுதான். அப்புறம் வழியில் தெரிகிற விலைப்பலகைகளை எல்லாம் மனசுக்குள் வாசியுங்கள்.

பெரிய தொகையிலும் பால் விடாது. ஆயிரம் பெண்பால்: த்வே திஸ்யாச்சி. பத்து லட்சம், அதாவது மில்லியன், ஆண்பால்: த்வா மில்லியோனா. நூறுகளின் பெயருக்குள்ளேயே நாம் பார்த்த விதி ஒளிந்திருக்கிறது. இருநூறு த்வேஸ்தி, அதில் பழைய இருமை. முந்நூறு த்ரீஸ்தா. ஐந்நூறு ப்யாத்சோத், அதில் பன்மை.

வயது சொல்ல வேறு சொல் வேண்டும். ஆண்டு என்பது கோத், இரண்டு ஆண்டு த்வா கோதா. ஐந்து என்றவுடன் சொல்லே மாறிப்போகும்: ப்யாத் லெத். 'லெத்' கோடைகாலத்துக்கான சொல்லிலிருந்து வந்தது, ஐந்து கோடை. குளிர் அதிகமான நாட்டில் கோடையை எண்ணிப் பார்ப்பது நியாயம்தான். வயது சொல்லும் வாக்கியம் நமக்குக் கைவந்தது: "எனக்கு இருபத்தொரு வயது" என்று நாம் நான்காம் வேற்றுமையில் சொல்வதைப் போலவே அவர்களும் 'எனக்கு' என்றே தொடங்குகிறார்கள்.

தசம வரிசையில் ஒழுங்காகப் போய்க்கொண்டிருக்கும் எண்கள் இரண்டு இடத்தில் தடுக்கும். நாற்பது 'சோரக்'. நான்கும் இல்லை, பத்தும் இல்லை. முன்பு மென்மயிருக்காக வேட்டையாடப்பட்ட சேபிள் என்ற சிறு விலங்கின் தோல்களை நாற்பது நாற்பதாகக் கட்டி விற்ற கட்டின் பெயர் எண்ணாகிவிட்டது என்பதே பொதுவான விளக்கம். தொண்ணூறு 'தெவ்யனோஸ்தா'. எண்பது வரை பத்தைச் சொல்லிக்கொண்டு வந்தவர்கள் இங்கே நூற்றை நுழைக்கிறார்கள். நாம் மட்டும் என்ன? எண்பது வரை பத்து, அடுத்தது தொண்ணூறு.

ஆறாம் படி: ஆட்களை எண்ணுவது

மேசைக்கு ஒன்று, மனிதருக்கு ஒன்று என்று எண்ணுவது நமக்குப் பழக்கம்: இரண்டு மேசை, இருவர். ரஷ்ய மொழியிலும் த்வோயெ, த்ரோயெ என்று கூட்டெண்கள் உண்டு, 'இருவர், மூவர்' போல. ஆண்களுக்கும் கலந்த கூட்டத்துக்கும் குழந்தைகளுக்கும் இது வரும். பெண்கள் மட்டும் என்றால் த்வோயெ சொல்லக்கூடாது, த்வே என்றே சொல்ல வேண்டும். "ஏழு பேர் ஒருத்தனுக்காகக் காத்திருக்க மாட்டார்கள்" என்ற அவர்களுடைய பழமொழியில் ஏழு 'சேமெரா' என்று வருவது இந்தக் கூட்டெண்தான்.

ஒருமை இல்லாத சொற்களுக்கும் இதே எண்: த்வோயெ நோஜ்னித்ஸ், இரண்டு கத்தரிக்கோல். இதில் ஒரு வேடிக்கை. இரவும் பகலும் சேர்ந்த முழுநாளுக்கு 'சூத்கி' என்று பெயர், அதற்கும் ஒருமை கிடையாது. இரண்டு சூத்கி சொல்லலாம், மூன்று, நான்கும் சொல்லலாம். 'இருபத்திரண்டு சூத்கி' என்று எழுவாயாகச் சொல்ல இலக்கண வழியே இல்லை. ரஷ்யர்களே சுற்றி வளைத்து வேறு மாதிரி சொல்வார்கள். ஆகவே நீங்கள் திணறினால் வெட்கப்பட வேண்டாம்.

பொதுவாக ஆட்களை எண்ண 'செலவேக்' போதும். ப்யாத் செலவேக், ஐந்து பேர். நம் 'பேர்' மாதிரியே வேலை செய்யும்.

எல்லை தாண்டினால்

அண்டை மொழிகளுக்குப் போகும்போதும் பணத்தையே கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உக்ரைனில் ஹ்ரிவ்னியா பெண்பால்: ஒத்னா ஹ்ரிவ்ன்யா, த்வி ஹ்ரிவ்னி, ப்யாத் ஹ்ரிவென். அங்கே இரண்டு முதல் நான்கு வரை பெயர் சாதாரணப் பன்மையில் நிற்கும், 'மேசையின்' விவகாரம் இல்லை. செக் நாட்டுக் கொருனாவும் பெண்பால்: யெத்னா கொருனா, த்வியே கொருனி, பியெத் கொருன். ரஷ்ய மொழி படித்துவிட்டுச் செக் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே அலிப்பால் பெண்பாலோடு போகிறது: இரண்டு சன்னலுக்கு 'த்வியே'. சம்ஸ்கிருதத்திலும் அப்படித்தான். இந்த விஷயத்தில் ரஷ்யர்கள்தான் கட்சி மாறியவர்கள்.

போலந்தின் ஸ்வோதிக்கு 'தங்கத்தாலானது' என்று பொருள். யெதென் ஸ்வோதி, த்வா ஸ்வோதெ, பியெஞ்ச் ஸ்வோதிஹ். இருபத்தொன்றில் ரஷ்ய வழக்கம் செல்லாது. போலிஷ் மொழியில் அது ஐந்தின் விதிப்படி பன்மைதான். ஆனால் போலிஷின் உண்மையான சோதனை ஆட்களை எண்ணுவதில் இருக்கிறது. இரண்டு மாணவர்கள் ஆண்கள் என்றால் 'த்வாய்' அல்லது 'த்வூஹ்', பெண்கள் என்றால் 'த்வியே', கலந்திருந்தால் 'த்வோயே'. ஐந்துகூட ஆண்களுக்கு 'பியெஞ்சூ' ஆகிவிடும். நம் உயர்திணை, அஃறிணைக் கோட்டைப் போல அவர்களும் பன்மையில் ஒரு கோடு போடுகிறார்கள். கோடு விழும் இடம்தான் வேறு. ஆண்கள் இருக்கும் கூட்டம் ஒரு பக்கம், பெண்கள், குழந்தைகள், நாய்கள், மேசைகள் எல்லாம் மறுபக்கம். எனக்கு இது இன்றும் உறுத்துகிறது. ஆனால் பேச வேண்டுமென்றால் பழகித்தான் ஆக வேண்டும்.

இருமை உயிரோடு இருப்பதைப் பார்க்க ஆசையா? ஸ்லொவேனியாவுக்குப் போங்கள். 2007இல் அந்த நாடு யூரோவுக்கு மாறியபோது புதுப் பணத்துக்கும் இருமை கொடுத்துவிட்டார்கள்: த்வா எவ்ரா, த்ரியே எவ்ரி, பேத் எவ்ரோவ். இரண்டு பேர் சேர்ந்து எங்காவது போவதற்குத் தனி வினை வடிவமே வைத்திருக்கிறார்கள்.

கடைசியாக இரண்டு வழக்கங்கள்

ரஷ்ய மொழியில் எண்ணின் இடம் மாறினால் பொருள் மாறும். 'ப்யாத் மினூத்' என்றால் சரியாக ஐந்து நிமிடம். 'மினூத் ப்யாத்' என்று திருப்பிப் போட்டால் ஏறக்குறைய ஐந்து நிமிடம். நாம் 'ஒரு அஞ்சு நிமிஷம்' என்று முன்னால் 'ஒரு' போட்டுச் செய்யும் வேலையை அவர்கள் வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். நண்பர் 'மினூத் ப்யாத்' என்றால் அவசரப்படாமல் தேநீர் குடிக்கலாம்.

அடுத்தது பூ. பிறந்தநாளுக்குப் பூங்கொத்து வாங்கினால் ஒற்றைப்படையில் வாங்குங்கள். மூன்று, ஐந்து, ஏழு. இரட்டைப்படை இறந்தவர்களுக்கு. இலக்கணத்தில் இரண்டைத் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், பூவில் இரண்டைக் கொடுத்தால் சிரிக்க மாட்டார்கள்.

வேற்றுமைகளில் எண்களே உரு மாறும் கதையும், எண்ணுக்கும் பெயருக்கும் நடுவில் பெயரடை வந்தால் நடக்கும் கூத்தும் பாக்கி. அவற்றை ஆறு மாதத்துக்குத் தொடாதீர்கள். அதுவரை எண்ணி எண்ணிக் களைத்துப்போனால் பணத்தை யூரோவாக மாற்றிக்கொள்ளுங்கள். ரஷ்ய மொழியில் யூரோ எந்த எண்ணுக்கும் அசையாது: அதீன் எவ்ரோ, த்வா எவ்ரோ, ப்யாத் எவ்ரோ.